சேமநிதியா, சொந்தச் சேமிப்பா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



எந்தத் தோட்டத்திற்குச் சென்றாலும் என்னை நோக்கி எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, மாதந்தோறும் சேமநிதிக்கென்று சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தை எங்கள் கையிலேயே கொடுத்தால் நாங்களே சேர்த்து வைத்துக்கொள்ள மாட்டோமா?” என்பதே அக்கேள்வி. இதைக் கேட்பவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். தம் உழைப்பின் ஊதியத்தைத் தாமே ஆள வேண்டும் என்று எண்ணுவது நியாயமான எண்ணமே. ஆகவே, அக்கேள்விக்கு அறிவுரையால் விடை கூறாமல் கணக்கால் விடை கூற விரும்புகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வார்கள் அல்லவா? நம் முதுமைக்காகப் போடும் பணத்தையும் அவ்வாறே அளந்து பார்ப்போம்.

முதலில், பலர் செய்யும் ஒப்பீட்டிலேயே ஒரு குறை இருப்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். சேமநிதியைப் பற்றிப் பேசும்போது, நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையை மட்டுமே நாம் நினைவில் கொள்கிறோம். சம்பளச் சீட்டில் கழிக்கப்பட்ட தொகையாக நம் கண்ணில் உறுத்துவது அதுதான். முதலாளி செலுத்தும் பங்கு நம் கைக்கு வருவதும் இல்லை. கையிலிருந்து போவதும் இல்லை. ஆகவே அது மனத்தில் பதிவதில்லை. இப்போதுள்ள விகிதப்படி, ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளம் பெறும் அறுபது வயதுக்கு உட்பட்ட தொழிலாளி 11 விழுக்காடும், அவருடைய முதலாளி 13 விழுக்காடும் சந்தாவாகச் செலுத்த வேண்டும். நம் பங்கைவிட முதலாளியின் பங்கே பெரிது.

இந்த விகிதம் தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1951-ஆம் ஆண்டில் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு சந்தா வசூலிக்கத் தொடங்கியபோது, தொழிலாளிக்கு 5, முதலாளிக்கு 5 என்றே இருந்தது. 1975-இல் அது 6, 7 ஆயிற்று. 1980-இன் இறுதியில் 9, 11 என உயர்ந்தது. நம் பாட்டன்மார் காலத்துச் சேமநிதியை மனத்தில் வைத்துக்கொண்டு “அதில் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது?” என்று கூறுவோர், இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். அச்சம்பளத்தில் தொழிலாளியின் சந்தா 187 வெள்ளி. முதலாளியின் சந்தா 221 வெள்ளி. இரண்டும் சேர்ந்து, மாதம் 408 வெள்ளி அவர் பெயரில் கணக்கில் ஏறுகிறது. சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களை ஒதுக்கிவிட்டால், அவர் கையில் வாங்கிச் செல்வது 1,513 வெள்ளி.

அப்போது ஒரு குத்தகைக்காரர் வருகிறார். “தோட்டத்தில் உனக்குக் கையில் 1,513 வெள்ளிதானே கிடைக்கிறது? என்னிடம் வா, பிடித்தம் எதுவும் கிடையாது, முழுதாக 1,750 வெள்ளி கையில் தருகிறேன்” என்கிறார். கையில் 237 வெள்ளி கூடுதல். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த 237-ஐப் பெறுவதற்காக அவர் விட்டுக்கொடுப்பது மாதம் 408 வெள்ளி. ஆகவே அவருடைய உண்மை வருமானம் மாதம் 171 வெள்ளியும், ஆண்டுக்கு 2,052 வெள்ளியும் குறைந்துவிடுகிறது. தோட்டத்துச் சம்பளத்திற்கு ஈடாக வேண்டுமானால், அந்தக் குத்தகைக்காரர் கையில் 1,921 வெள்ளி கொடுக்க வேண்டும். அவ்வாறு கொடுத்தாலும், அதிலிருந்து 408 வெள்ளியை மாதந்தவறாமல் எடுத்து வைக்கும் மன உறுதி தொழிலாளிக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே கூறிவிடுகிறேன். குத்தகைக்காரரிடம் வேலை செய்தாலும் சேமநிதி செலுத்தப்பட வேண்டும் என்பதே சட்டம். “எனக்கு வேண்டாம்” என்று தொழிலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அக்கையெழுத்துச் செல்லாது. பிடித்தம் இல்லை என்பதை ஒரு சலுகை போலக் கூறுபவர், உண்மையில் தம்முடைய 13 விழுக்காட்டை மிச்சப்படுத்திக்கொள்கிறார்.

அடுத்து, அந்த 408 வெள்ளி முப்பது ஆண்டுகளில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சேமநிதிக்கு ஆண்டுதோறும் இலாப ஈவு உண்டு. வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்பது சட்டத்தின் உத்தரவாதம். நடைமுறையில் அது ஏறியும் இறங்கியும் வந்துள்ளது. 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடு வழங்கப்பட்டது. 2002-இல் 4.25 ஆகக் குறைந்தது. 2024-ஆம் ஆண்டுக்கு 6.30 விழுக்காடு கிடைத்தது. நல்ல ஆண்டைக் காட்டி ஆசை மூட்டுவது என் நோக்கமன்று. ஆகவே 5 விழுக்காடு என்று அடக்கமாகவே வைத்துக்கொள்கிறேன்.

மாதம் 408 என்றால் ஆண்டுக்கு 4,896 வெள்ளி. முப்பது ஆண்டுகளில் செலுத்தப்படும் மொத்தச் சந்தா 146,880 வெள்ளி. ஆனால் ஈவுக்கு மேல் ஈவு சேர்வதால், முப்பதாம் ஆண்டு இறுதியில் கணக்கில் நிற்பது ஏறத்தாழ 325,000 வெள்ளி. இதில் பாதிக்கும் மேற்பட்டது ஈவாக வந்த பணம்.

இப்போது, தம் பங்கான 187 வெள்ளியைத் தாமே சேர்ப்பவரைப் பார்ப்போம். அவர் ஒரு மாதமும் தவறாமல் வங்கியில் போடுகிறார், ஆண்டுக்கு 2 விழுக்காடு வட்டி கிடைக்கிறது என்று கொள்வோம். முப்பது ஆண்டுகளில் அவரிடம் இருப்பது ஏறத்தாழ 91,000 வெள்ளி. அதே வங்கியில் போட்டு 325,000 வெள்ளியை எட்ட வேண்டுமானால், அவர் மாதம் 668 வெள்ளி சேர்க்க வேண்டும். 1,700 வெள்ளி சம்பளக்காரரால் இது ஆகுமா என்பதை உங்கள் இல்லத்தரசிகளிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில், கூர்மையான ஒருவர் எழுந்து ஒரு மறுப்புக் கூறக்கூடும். “முப்பது ஆண்டு கழித்து வரும் மூன்று இலட்சத்திற்கு இன்றைய மூன்று இலட்சத்தின் மதிப்பு இருக்குமா?” என்று கேட்கக்கூடும். மிக நல்ல கேள்வி. இருக்காது என்பதே நேர்மையான விடை. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், 24 ஆண்டுகளில் பொருள்களின் விலை இரட்டிப்பாகிவிடும். ஆனால் விலைவாசியோடு சம்பளமும் ஓரளவு உயரும். சம்பளம் உயர்ந்தால் சந்தாவும் உயரும். ஆகவே இதற்கு ஓர் எளிய வழி உண்டு. கிடைக்கும் ஈவிலிருந்து விலையேற்றத்தைக் கழித்துவிட்டு, மீதத்தை மட்டும் வளர்ச்சியாகக் கொள்ள வேண்டும். ஐந்திலிருந்து மூன்று போனால் இரண்டு. சம்பளமும் விலைவாசிக்கு ஈடாக உயர்ந்து வருமானால், சேமநிதியில் சேரும் தொகை, இன்றைய விலை மதிப்பில் ஏறத்தாழ 198,600 வெள்ளி. அறுபது வயது முதல் எண்பது வயது வரை, அதாவது 240 மாதங்களுக்கு அதனைப் பங்கிட்டால், மாதம் 827 வெள்ளி வரும்.

வங்கிச் சேமிப்பையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். அங்கே வட்டி 2, விலையேற்றம் 3. ஆண்டுக்கு ஒரு விழுக்காடு தேய்மானம். அவர் முப்பது ஆண்டுகள் தவறாமல் போட்டது, இன்றைய மதிப்பில் 67,320 வெள்ளி. கடைசியில் அவரிடம் மிஞ்சுவதோ, அதே மதிப்பில் ஏறத்தாழ 58,400 வெள்ளி. மாதக் கணக்கில் 243 வெள்ளி. ஒரு நாளும் தவறு செய்யாத, ஒரு காசும் எடுத்துச் செலவழிக்காத மனிதரின் நிலை இது.

827-க்கும் 243-க்கும் உள்ள வேறுபாட்டிற்குக் காரணம் இரண்டு. ஒன்று, முதலாளியின் பங்கு. மற்றொன்று, ஈவு விலைவாசியை முந்திச் செல்வது. இரண்டும் நம்முடைய சிக்கனத்தால் வருவன அல்ல. எவ்வளவுதான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும், தனி மனிதர் ஒருவரால் இவற்றை உண்டாக்கிக்கொள்ள இயலாது.

மாதம் 827 வெள்ளி போதுமா என்றால், போதாது என்றே நான் கருதுகிறேன். 2019-இல் சேமநிதி வாரியம், மாதம் 1,000 வெள்ளி, இருபது ஆண்டுகள் என்ற கணக்கில், 55 வயதில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று அடிப்படை அளவொன்றை வகுத்தது. அதன் பின் அந்த அளவும் உயர்த்தப்பட்டுள்ளது. மேலும், நகர்ப்புறத் தொழிலாளிக்கு இல்லாத ஒரு செலவு உங்களுக்குக் காத்திருக்கிறது. இன்று நீங்கள் குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை ஓய்ந்ததும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அறுபது வயதுவரை தெரியாமலிருந்த வாடகை என்னும் செலவு, சம்பளம் நின்ற மாதத்திலேயே வாசலில் வந்து நிற்கும். 827 வெள்ளியில் வாடகை போனால் மீதம் என்ன?

இதனால்தான், சேமநிதியிலிருந்து முன்கூட்டியே பணம் எடுப்பதைப் பொதுவாக ஆதரிக்காத நான், வீடு வாங்குவதற்காக எடுப்பதை மட்டும் குறை கூறுவதில்லை. 2024 மே மாதம் முதல், சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கிற்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிற்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்கிற்கும் செல்கின்றன. நல்வாழ்வுக் கணக்கிலுள்ளதை வீடு வாங்கப் பயன்படுத்தலாம். கணவனும் மனைவியும் இருவருமே பால்மரம் வெட்டும் குடும்பமானால், இருவர் கணக்கையும் இதற்குக் கருதிப் பார்க்கலாம். வேலையிலிருக்கும்போதே சிறிய வீடொன்றுக்கு வழி செய்துகொண்டவரின் 827 வெள்ளியும், வாடகை கொடுப்பவரின் 827 வெள்ளியும் ஒன்றல்ல.

நெகிழ்வுக் கணக்கைப் பற்றி ஒரு சொல். அதில் உள்ளதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், அதனை மாதச் சம்பளத்தின் வால் போலக் கருதும் பழக்கம் வந்துவிட்டது. பெருந்தொற்றுக் காலமான 2020 முதல் 2022 வரை, சேமநிதியிலிருந்து பணம் எடுக்கச் சிறப்பு அனுமதிகள் வழங்கப்பட்டன. வேலையும் வருமானமும் முடங்கிய வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அப்போது எடுத்தவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் தேவையில்லாமல் எடுத்தவர்களும் இருந்தனர். முப்பத்தைந்து வயதில் ஒருவர் எடுத்த 10,000 வெள்ளி, 5 விழுக்காட்டு ஈவில் அறுபதாம் வயதில் ஏறத்தாழ 33,800 வெள்ளியாக நின்றிருக்கும். புதுக் கைப்பேசி வாங்கியவர், தாம் கொடுத்த விலை எவ்வளவு என்பதை இக்கணக்கைக் கொண்டே அறிய வேண்டும்.

இவ்வளவும் கூறியதால், சொந்தச் சேமிப்பே வேண்டாம் என்று நான் கூறுவதாக எண்ணிவிட வேண்டாம். சேமநிதிக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதன் பெரும்பகுதி பூட்டி வைத்த பெட்டி. அடைமழை நாள்களில் வெட்டு நின்று, வருமானம் சுருங்கும் மாதத்தில் அது உதவாது. பள்ளி திறக்கும் சனவரியோ மார்ச்சோ, வீட்டில் ஒரு சாவோ, மருத்துவமனைக்கு ஓட வேண்டிய இரவோ, அதற்குக் கைப்பணம்தான் வேண்டும். கைப்பணம் இல்லாதவர் கடன் வாங்குகிறார். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. உரிமமில்லாதவர் வாங்குவதற்கு வரம்பே இல்லை. 6 விழுக்காடு ஈவைப் பெறும் ஒருவர் 18 விழுக்காட்டு வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தால், அவருடைய முதுமைக்காலப் பணத்தை வட்டிக்கடை தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே, முதலில் கடனை அடைப்பது, அடுத்து மூன்று மாதச் செலவுக்காவது கைப்பணம் வைத்திருப்பது, இவை சொந்தச் சேமிப்பின் வேலை. முதுமைக்கான பாரத்தை அதன் தலையில் ஏற்றக் கூடாது.

சொந்தமாகச் சேமிக்கும் ஆற்றல் தோட்டத் தொழிலாளிக்கு இல்லை என்று யாரேனும் கூறினால், அவர் வரலாறு அறியாதவர். 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட வேளையில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கை வாங்கிய தொழிலாளர்களின் பணத்தைக் கொண்டே அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது சிறிய தொகையன்று.

ஆனால் அச்சங்கம் சட்டப்படி பதிவு பெற்றது. கணக்குக் காட்டக் கடமைப்பட்டது. நம்மிடையே இன்னும் மறையாமல் இருக்கும் ‘கூட்டு’ அப்படிப்பட்டதன்று. நம் தமிழ்ச் சொல்லையே பெயரில் கொண்ட ‘கூட்டு நிதித் தடைச் சட்டம்’ இந்நாட்டில் 1971-ஆம் ஆண்டு முதல் உள்ளது. கூட்டுப் பிடிப்பவர் பணத்தோடு மறைந்துவிட்டால், போட்டவர் பணத்தைத் திரும்பப் பெறுவது அரிது. நகை வாங்கி வைப்பது இதனினும் மேல். எனினும் அவசரத்திற்கு அடகுக் கடைக்குச் சென்று, மீட்க முடியாமல் மூழ்கிய நகைகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே நகையின் மதிப்பைக் கூற வேண்டும்.

ஓய்வுபெறும் நாளில் செய்யும் முடிவைப் பற்றியும் கூறியாக வேண்டும். அரசாங்க ஓய்வூதியம் பெறுபவருக்கு உயிருள்ளவரை மாதந்தோறும் பணம் வரும்.  சேமநிதியோ மொத்தமாகக் கைக்கு வரக்கூடியது. அதனை மாதச் சம்பளமாக மாற்றிக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது. கணக்கில் 200,000 வெள்ளி உள்ளவர், முழுவதையும் எடுத்து வீட்டில் வைத்து, மாதம் 1,000 வெள்ளி செலவழித்தால், அது 16 ஆண்டு 8 மாதங்களில் தீரும். பணத்தைச் சேமநிதியிலேயே விட்டுவைத்து, மாதம் 1,000 வெள்ளி மட்டும் எடுத்து வந்தால், 5 விழுக்காட்டு ஈவில் அது ஏறத்தாழ 34 ஆண்டுகளுக்கு வரும். அறுபதில் தொடங்கினால் தொண்ணூற்று நான்கு வரை! விலைவாசியால் அந்த ஆயிரத்தின் வலு குறையும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டு வழிகளுக்கும் அக்குறை பொதுவானது. விட்டுவைத்த பணத்திற்கு உறுப்பினரின் நூறு வயது வரை ஈவு உண்டு. மாதாமாதம் எடுத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. ஆனால், பணம் வந்த செய்தி பரவியதும் வாகனத்திற்கு முன்பணம் கேட்கும் மகனும், வியாபாரத்தில் கூட்டுச் சேர அழைக்கும் உறவினரும் வீடு தேடி வருவார்கள். “பணம் வாரியத்தில் இருக்கிறது, மாதச் சம்பளம் போலத்தான் வருகிறது” என்று கூறுவது, உறவையும் முறிக்காத நல்ல பதில்.

இத்தனைக்கும் அடிப்படை, சந்தா உண்மையாகவே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். சம்பளத்தில் பிடித்துவிட்டு வாரியத்தில் கட்டாமலிருப்பது குற்றம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதைக் கண்டு மட்டும் திருப்தி அடையாமல், வாரியத்தின் கணக்கறிக்கையில் அதே தொகை, முதலாளியின் பங்கோடு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசியிலேயே இதனைப் பார்க்க இயலும். உங்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளையே காட்டிவிடும். விடுபட்ட மாதங்கள் இருப்பின், முதலில் தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் கேளுங்கள். சரியான விடை கிடைக்காவிட்டால் வாரியத்தின் கிளையில் புகார் செய்யலாம். ஒரு மாதம் விடுபட்டால் 408 வெள்ளிதானே என்று எண்ண வேண்டாம். முப்பது ஆண்டு ஈவோடு அது 1,760 வெள்ளிக்கு மேல்.

வாரிசு நியமனமும் இவ்வாறே. திருமணத்திற்கு முன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்தவர், திருமணத்திற்குப் பின் அதனை மாற்றாமலே இருந்துவிடுகிறார். தாயும் காலமாகி, அவரும் காலமானபின், மனைவி பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்கிறது. இது ஒரு பத்து நிமிட வேலை. மூத்தவர்கள் சிலருக்கு அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டலும், பழைய செக்ரோலில் வேறோர் எழுத்துக்கூட்டலும் இருக்கக்கூடும். அவர்கள் ஓய்வுபெறும் ஆண்டுவரை காத்திராமல் இப்போதே சரிசெய்துகொள்வது நலம்.

குத்தகை வேலையிலும் சொந்த வேலையிலும் இருந்து சந்தா விடுபட்டவர்கள், தாமாகவே வாரியத்தில் பணம் செலுத்தும் திட்டமும் உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்கு அரசாங்கமும் ஒரு பங்கைச் சேர்க்கிறது. அதன் விவரத்தைத் தனித்தனியே விளக்குவதே பொருத்தம், ஏனெனில் வயதுக்கும் தொழிலுக்கும் ஏற்ப அது மாறும்.

என் பேச்சு இத்துடன் போதும். சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கறிக்கையும் கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். தாளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். ஓய்வுபெற இன்னும் ஐந்தாண்டுக்குள் உள்ளவர்கள் முதலில் வரட்டும்.